ஐயமும் பக்தியும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைஞர் சார்பில் நிகழ்த்திய பேச்சு)

இவ்விழாவில் இளைஞர் சார்பில் ஒருவர் பேசவேண்டும் என்று செயற்குழு தீர்மானித்தபோது எமக்குத் தரப்பட்ட பொருள் ‘பக்தி நெறி’ என்பதாகும். நல்ல பொருள். ஆனால் அதைப்பற்றிப் பேச எம்மினும் தகுதியுடையோர் இம்மண்டபத்து முன்வரிசையிலே அமர்ந்திருக்கின்றனர். எமக்குச் சற்று நெருங்கிப் பழக்கமான பொருள் வேறொன்று. ஆகவே தலைப்பை ‘ஐயமும் பக்தியும்’ என்று மாற்றித் தரும்படி கேட்டோம். குழுவில் ஒருவர் முகஞ் சுளித்தார். மற்றொருவர், “பொடியன் என்னதான் சொல்லுறான் எண்டு கேப்பமே” என்றார். அந்த இரண்டாமவர் வீடு திரும்பும்போது வருந்தாதபடி பேச முயல்வோம்.

நாம் கல்வி கற்றது ஒரு மிஷன் பாடசாலையிலே. அதைச் சொல்ல நாம் கூசவில்லை. தமிழையும் கணிதத்தையும் அங்கே செம்மையாகக் கற்பித்தார்கள். எம்மை எவரும் மதம் மாற்ற முயலவுமில்லை. காலை வழிபாட்டின்போது சைவப் பிள்ளைகளும் மற்றப் பிள்ளைகளோடு மண்டபத்தில் அமர்ந்திருப்போம். ஒருநாள் வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் தோமாவின் கதையைச் சொன்னார். இயேசு உயிர்த்தெழுந்தார் என்று மற்றச் சீடர்கள் கூறியபோது, ஆணி பாய்ந்த தழும்பிலே விரலை இட்டுப் பார்த்தாலன்றி நம்பமாட்டேன் என்று சொன்னவர் தோமா. “நீங்கள் தோமாவைப்போல் இருக்கவேண்டாம்” என்று போதகர் முடித்தார். எமக்கோ அக்கதையிலே வேறொன்று பட்டது. தோமாவை எவரும் வெளியே தள்ளவில்லை. எட்டு நாட் கழித்தும் அவர் அந்தச் சீடர் கூட்டத்தோடு ஒரே வீட்டுக்குள்ளேதான் இருந்தார். அவருடைய ஆசிரியரும் வந்து, இந்தா பார் என்று கையை நீட்டினாரேயன்றிக் கோபிக்கவில்லை. அந்தத் தோமாவே பின்னர் கடல் கடந்து மயிலாப்பூர்வரை வந்து உயிர் துறந்தார் என்பது கிறிஸ்தவர்களின் மரபுரை. நம்பமாட்டேன் என்றவர் அவ்வளவு தூரம் நடந்திருக்கிறார். அன்று பதினான்கு வயதில் இது எமக்கு ஒரு வேடிக்கையான எண்ணமாகவே இருந்தது. ஐயம் என்பது என்னவென்று அப்போது நாம் அறியோம்.

அறிந்தது உயர்தர வகுப்பிலே படிக்கும்போது.

மாரிக் காலம். எம் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. அவனுக்கு வயது பதினொன்று. வீட்டில் சின்னவன் என்று அழைப்போம். முதல் இரண்டு நாளும் சாதாரணக் காய்ச்சல் என்றெண்ணிப் பனடோல் கொடுத்து, மல்லித் தண்ணீர் அவித்துப் பருக்கினோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது டெங்கு என்றார்கள். அன்றிரவு அம்மா ஆஸ்பத்திரி வாசலில் நின்றபடியே எங்கள் ஊர் முருகனுக்கு நேர்ந்தார். பிள்ளை பிழைத்தால் வருகிற திருவிழாவில் வீட்டிலிருந்து வெறுங்காலோடு நடந்து பாற்குடம் எடுப்பதாக நேர்த்தி. நாமும் அருகில் நின்று கண்ணை மூடிக்கொண்டோம். எம் வாழ்நாளில் அவ்வளவு உண்மையாக நாம் கும்பிட்டது அதற்கு முன் இல்லை. ஐந்தாம் நாள் விடியப்புறம் சின்னவன் போய்விட்டான்.

எட்டும் அந்தியேட்டியும் முடிந்தபின் நாம் திருநீறு அணிவதை விட்டோம். எவருக்கும் சொல்லிவிட்டுச் செய்ததன்று. ஒருநாள் காலையில் திருநீற்றுக் குடுவைக்கு நேரே கை போகவில்லை, அவ்வளவே. பாடசாலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தார், ஒன்றும் கேட்கவில்லை.

பின்னர் ஒரு சமயச் சொற்பொழிவின் முடிவிலே, கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நாம் எழுந்தோம். ஒரு பாவமும் அறியாத பிள்ளைக்கு இது ஏன் வந்தது என்று கேட்டோம். பேசியவர் கற்றறிந்த பெரியவர். “எல்லாம் பழவினை. இப்படிக் கேட்பதே ஒரு பாவம்” என்று சொல்லி அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். வினைக் கொள்கை பிழை என்று நாம் இங்கே வாதிட வரவில்லை. அது நம் சமயத்தின் தூண்களில் ஒன்று. ஆனால் சரியான விடையையும் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடலாம் என்பதை அன்று கண்டோம்.

அக்கூட்டத்தில் இருந்த மற்றொருவர் எம்மோடு கூடவே வாசல்வரை வந்தார். இளைப்பாறிய ஆசிரியர், பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார், மாஸ்டர் என்றே கூறுவோம். சைக்கிளை உருட்டிக்கொண்டு சிறிது தூரம் பேசாமல் நடந்தார். பிறகு சொன்னார்: “தம்பி, நீர் கேட்டது எனக்கும் விளங்கேல்லை. என்ரை மனுசி போன நாளிலையிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன். தனியக் கேளாதையும். வாரும், சேந்து கேப்பம்.”

எமக்கு அதுவரை சமயத்தைப் பற்றி எவரும் சொன்ன சொற்களில் அதுவே மிகப் பெரிய ஆறுதல். விடை தந்தாரல்லர், துணை தந்தார்.

அடுத்த ஞாயிறு அவர் எம் கையிலே வைத்த நூல் சிவஞான சித்தியார். அதிலும் எல்லோரும் படிக்கின்ற சுபக்கத்தையன்று, அலுமாரியிலே தூசி படிந்து கிடக்கின்ற பரபக்கத்தை. இங்கேயுள்ள இளைஞருள் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டீர்கள். நாமும் அதுவரை பார்த்ததில்லை. ஆகவே சற்று விரித்துக் கூற அனுமதி வேண்டுகிறோம்.

பதின்மூன்றாம் நூற்றாண்டிலே அருணந்தி சிவாசாரியர் இயற்றிய அந்நூல் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. சுபக்கம் நம் கொள்கையைக் கூறுவது. பரபக்கம் நமக்கு மாறான கொள்கைகளைக் கூறி மறுப்பது. பதினான்கு மதங்கள் அங்கே வரிசையாக வருகின்றன. அவற்றுள் முதலில் நிற்பவன் யார் தெரியுமா? உலோகாயதன். கடவுள் இல்லை, உயிர் இல்லை, மறுமை இல்லை, கண்ணாற் கண்டதே உண்மை என்பவன். சைவ சாத்திரம் ஒன்று தன் வாசலைத் திறந்ததும் முதலாவதாக உள்ளே அழைத்து ஆசனமிட்டுப் பேசவிடுவது நாஸ்திகனை! அவனைப் பரிகசித்துத் துரத்துவதற்காக அரைகுறையாகப் பேசவிடவுமில்லை. முதலில் அவன் மதம் முழுவதும் அவன் வாயாற் சொல்வதுபோலவே வருகிறது. அதன் பின்னரே மறுதலை வருகிறது. மற்றப் பதின்மூன்று மதங்களுக்கும் இதே முறைதான்.

இதைப் படித்த இரவு எமக்கு நித்திரை வரவில்லை. தம்பி போனபின் யாரும் அறியாமல் எம் நெஞ்சிலே ஓடிக்கொண்டிருந்த எண்ணங்கள் எல்லாம் அங்கே அச்சில் இருந்தன. உடம்பு போனால் எல்லாம் போயிற்று என்ற எண்ணம், போனவர் எவரும் திரும்பி வந்து சொன்னதில்லை என்ற எண்ணம் ஆகியவற்றை நாம் ஏதோ மிஷன் பாடசாலையிலும் விஞ்ஞான வகுப்பிலும் கற்ற நோய் என்று எண்ணி வெட்கப்பட்டிருந்தோம். ஆனால் எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு சிவாசாரியர் அவற்றைத் தம் எழுத்தாணியால் பொறுமையாக எழுதி வைத்திருக்கிறார். அவர் அந்த எண்ணங்களுக்குள்ளே ஒருமுறை போய்வராமல் அவற்றை அவ்வளவு தெளிவாக எழுதியிருக்க இயலாது என்பது எமது துணிபு.

மறுதலைகள் எல்லாம் எமக்கு நிறைவு தந்தன என்று பொய் சொல்லமாட்டோம். சில இடங்களில் உலோகாயதன் பக்கமே எமக்கு வலிதாகத் தோன்றிற்று. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடியபோது புதிதாகச் சிவப்புத் தோன்றுவதுபோல, பூதங்கள் கூடியபோது அறிவு தோன்றுகிறது, பிரிந்தால் மறைகிறது என்பது உலோகாயதர்க்குரிய பழைய உவமை. இதற்கு என்ன சொல்கிறீர்கள் என்று மாஸ்டரிடம் கேட்டோம். அவர் வெற்றிலைத் தட்டத்தைப் பக்கத்திலே வைத்திருப்பவர். ஒரு வாய் போட்டு மென்றுவிட்டு, “எல்லாம் சரி தம்பி. தட்டத்திலை மூண்டும் ஒண்டாய்த்தான் கிடக்குது. சிவக்கேல்லையே. மெல்லுறதுக்கு ஒரு வாய் வேணுமெல்லே” என்றார். அது நூலிலுள்ள விடையோ அன்றோ, அதை அவர் சொல்லிய விதம் இன்னும் எம் நினைவில் நிற்கிறது.

நிற்க. சித்தியாரின் அளவை இயலிலே நம் பொருளுக்கு நேரான ஒரு பகுதி உண்டு. அறிவு எவ்வாறு பிறக்கிறது, எவ்வாறு பிழைபடுகிறது என்று ஆராய்கின்ற இடம் அது. காட்சியிலே வருகின்ற குற்றங்களை ஐயம், திரிபு என இரண்டாகச் சொல்வர். ஒரு பொருளை இதுவோ அதுவோ என்று இரண்டாகக் கண்டு தடுமாறுவது ஐயம். ஒன்றை மற்றொன்றாகவே துணிந்துவிடுவது திரிபு. அந்தியிலே தூரத்தில் நிற்பது மரக்குற்றியோ மனிதனோ என்பது ஐயத்துக்கும், கிடக்கின்ற கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபுக்கும் ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணங்கள்.

இரண்டும் குற்றமே. ஐயம் ஒரு நற்குணம் என்று சாத்திரம் எங்கும் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. ஆனால் இந்த இரண்டையும் பக்கத்திலே வைத்துச் சிறிது சிந்தியுங்கள். கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்கு ஐயம் ஏதும் உண்டோ? இல்லை. அவனுக்கு இருப்பது முழு நிச்சயம். அந்த நிச்சயத்தோடே அவன் ஓடுகிறான். வாழ்நாள் முழுவதும் அங்கே பாம்பு கிடந்ததென்றே சொல்லுவான். மரக்குற்றியோ மனிதனோ என்று ஐயுற்றவனோ நின்று பார்க்கிறான், இரண்டடி கிட்டப் போகிறான், கூப்பிட்டுப் பார்க்கிறான். இருவரிலே உண்மையை அணுகுகின்றவன் எவன்?

பக்திக்குப் பகை ஐயம் என்று நாம் கேட்டு வளர்ந்தோம். எமக்கோ திரிபே பெரும் பகையாகத் தோன்றுகிறது. எத்தனையாவது நாள் யாருடைய உபயம், யார் முன்னே நிற்பது, யார் பின்னே நிற்பது என்பதற்காகக் கோயிலைப் பூட்டி நீதிமன்றம்வரை போகிறவர்களுக்குக் கடவுள் உண்டோ என்ற ஐயம் ஒருநாளும் வந்ததில்லை. வந்திருந்தால் நல்லது. ஒருவேளை அவர்கள் சற்று அஞ்சியிருப்பார்கள். பெரியோர்கள் மன்னிக்க வேண்டும். இளையோர் பேச்சில் இப்படி ஒன்றிரண்டு வாக்கியம் தவறி வருவதுண்டு.

இளைஞர்களைப் பற்றியும் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நீதியாகாது. பல்கலைக்கழக விடுதியிலே எம்முடைய நண்பர் பலர் தம்மை நாஸ்திகர் என்கின்றனர். கைத்தொலைபேசியிலே சில நிமிடக் காணொளி ஒன்றைப் பார்த்துவிட்டு எல்லாம் முடிந்தது என்கின்றனர். அது ஐயமன்று. அதுவும் ஒரு திரிபே. கிட்டப் போய்ப் பார்க்கும் முயற்சி அவர்களுக்கும் இல்லை. உலோகாயதன் மதத்தையாவது ஒழுங்காகப் படித்திருந்தால் அவர்களோடு பேசலாம். இன்னும் சிலருக்குக் கேள்வியே இல்லை. பரீட்சை வந்தால் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள், முடிந்தால் மறப்பார்கள். ஒரு கேள்வியை ஆறு மாதம் நெஞ்சிலே சுமப்பது எவ்வளவு கடினம் என்பதை அதைச் சுமந்தவர்களே அறிவர்.

இங்கே ஒரு தடை எழும். ஐயமுடையவன் அழிவான் என்று பகவத்கீதை நான்காம் அத்தியாயத்திலே கண்ணபிரான் கூறியிருக்கிறாரே என்று கேட்பீர்கள். மாஸ்டரோடு இருந்து அந்த இடத்தையும் பார்த்தோம். அதே அத்தியாயத்திலே சில சுலோகங்களுக்கு முன், ஞானத்தை அறிந்தோரிடம் பணிந்து, பலகாலும் கேட்டு, தொண்டு செய்து பெறுக என்று சொல்லப்படுகிறது. கேட்டல் அங்கே ஒரு சாதனம். அதைவிடச் சுவையான செய்தி ஒன்றுண்டு. ஐயமுடையவன் அழிவான் என்று கேட்ட அருச்சுனன் அதோடு வாய் மூடினானா? ஐந்தாம் அத்தியாயம் அவனுடைய கேள்வியோடுதான் தொடங்குகிறது. துறவையும் புகழ்கிறாய், கருமயோகத்தையும் புகழ்கிறாய், இரண்டில் எது நல்லது என்று கேட்கிறான். ஆறாம் அத்தியாயத்திலே, இந்த ஐயத்தை அறுக்க உன்னையன்றி வேறொருவர் இல்லை என்று அவரிடமே முறையிடுகிறான். கண்ணனும் தேரைத் திருப்பிக்கொண்டு போகவில்லை. ஆகவே அழிகின்ற ஐயம் என்பது கேட்கப்படாத ஐயம், உள்ளே கிடந்து புழுக்கின்ற ஐயம் என்றே நாம் கொண்டோம். வடமொழி வல்லார் வேறு பொருள் கூறினால் திருத்திக்கொள்வோம்.

அடுத்து நசிகேதன். இந்தக் கதையை நாம் எட்டாம் வகுப்பிலே படித்தோம்; பரீட்சைக்கு எழுதினோம்; மறந்தோம். தம்பி போனபின் மறுபடி படித்தபோது அது வேறு கதையாக இருந்தது.

தந்தை வேள்வி செய்கிறார். பால் வற்றிய, புல் மேயவும் வலிமையற்ற பசுக்களைத் தானமாகக் கொடுக்கிறார். அதைப் பார்த்து நிற்கின்ற சிறுவனுக்குள்ளே சிரத்தை புகுந்தது என்று கடோபநிடதம் சொல்கிறது. சிரத்தை என்பதை நாம் நம்பிக்கை என்றும் பக்தி என்றும் மொழிபெயர்க்கிறோம். அச் சிரத்தை புகுந்ததும் அவன் செய்தது என்ன? கைகூப்பி நின்றானா? இல்லை. கேள்வி கேட்டான். என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர் என்று தந்தையை ஒருமுறை, இருமுறை, மும்முறை கேட்டான். யமனுக்குக் கொடுத்தேன் என்று தந்தை சினந்தார். அவனும் போனான். யமன் வீட்டு வாசலிலே மூன்று இரவு உண்ணாமற் காத்திருந்தான். அதற்கு ஈடாக மூன்று வரங் கிடைத்தன. மூன்றாவது வரமாக அவன் கேட்டது ஒரு பொருளையன்று. தன் ஐயத்தைத் தீர்க்கும்படி கேட்டான். இறந்தவன் இருக்கிறான் என்கிறார்கள் சிலர், இல்லை என்கிறார்கள் சிலர். இதை எனக்குச் சொல்லும் என்றான்.

யமன் சொன்ன மறுமொழியைக் கவனியுங்கள். இதிலே தேவர்களும் முன்னர் ஐயுற்றிருக்கிறார்கள் என்றான். கேட்பது பாவம் என்று அவன் சொல்லவில்லை. வேறு வரங்கேள், நூறாண்டு வாழும் மக்களைக் கேள், யானை குதிரை பொன் கேள், இதைமட்டும் விட்டுவிடு என்று மன்றாடினான். சிறுவன் விடவில்லை. இறுதியிலே யமனே, உன்னைப் போன்று கேட்பவர் எமக்கு இன்னும் வாய்க்கட்டும் என்று மகிழ்ந்தான். சாவின் வீட்டிலேயே கேள்விக்கு இடமிருந்தது. சிரத்தை புகுந்த பிள்ளையும் ஐயத்தோடு வந்த பிள்ளையும் ஒரே பிள்ளைதான் என்பது எட்டாம் வகுப்பிலே எமக்குத் தெரியவில்லை.

அப்பர் பெருமான் சமயங்களை ஆராய்ந்து சமணம் புகுந்து, சூலை நோயோடு திருவதிகைக்குத் திரும்பி வந்த வரலாற்றை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். நம் ஊர்ப் பேச்சாளர் அதைச் சொல்லாத மேடை இல்லையாதலால் நாம் விட்டுவிடுகிறோம். ஆனால் அருணந்தியாரைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அவர் முன்னர் சகலாகம பண்டிதர். மெய்கண்டாருடைய குலத்துக்குக் குருவாயிருந்தவர். திருவெண்ணெய்நல்லூரிலே இளம் பிள்ளையாகிய மெய்கண்டார் தம்மை வந்து காணவில்லையே என்ற மனத்தாங்கலோடு தாமே போய், ஆணவ மலத்தின் இயல்பு யாது என்று கேட்டார். பிள்ளை வாய் திறவாமல், நின்றுகொண்டிருந்த அவரையே ஏற இறங்கப் பார்த்துச் சுட்டிக்காட்டியது. பண்டிதர் காலில் விழுந்தார். இது மரபிலே வழங்கும் வரலாறு. இதைச் சொல்பவர்கள் வழக்கமாக இவ்விடத்தில் நிறுத்திவிடுவார்கள். இதன் பிறகு அவர் எழுதிய நூல்களில் ஒன்று இருபா இருபது. மெய்கண்டாரை முன்னிலைப்படுத்திப் பாடிய இருபது பாக்கள். பார்த்தால் கேள்விமேற் கேள்வி. காலில் விழுந்த பின்னும் அவர் கேட்பதை நிறுத்தவில்லை. மாறியது கேட்கும் இடம் மட்டுமே. முன்னர் எதிரே நின்று கேட்டார். பின்னர் அருகே இருந்து கேட்டார். உமாபதி சிவாசாரியரும் தம் குருவிடம் வினாக்களாகவே பதின்மூன்று வெண்பாப் பாடி அதற்கு வினாவெண்பா என்றே பெயரிட்டார். பதினான்கு சாத்திரங்களுள்ளே இவ்விரண்டும் அடங்கும்.

நம் நாவலர் பெருமானும் வினா விடை வடிவத்திலே சைவ வினாவிடை எழுதினார். அவரும் மிஷன் பாடசாலையிலே கற்று, பார்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கு உதவி, பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவர். நாம் மந்திரம்போல் மனனஞ் செய்த நூல் அது. அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனாலும் ஒன்று சொல்லலாம். அந்நூலிலே வினாவும் ஆசிரியருடையது, விடையும் ஆசிரியருடையது. பிள்ளைக்குப் பத்து வயதாகும்வரை அது போதும். பதினெட்டு வயதிலே வினா பிள்ளையுடையதாகிவிடுகிறது. அப்போது விடை எந்தப் பக்கத்திலும் அச்சிட்டிருப்பதில்லை. மன்றத்துப் பெரியோர்களிடம் நாம் வேண்டுவது இவ்வளவுதான்: அந்த வயதுப் பிள்ளை வந்து கேட்கும்போது விடை தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளை ஓடிவிடமாட்டான்.

நேர்த்திக் கதையைப் பாதியிலே விட்டிருந்தோம்.

அம்மா சின்னவன் போன பின்னும் ஒருநாளாவது விளக்கேற்றத் தவறவில்லை. அது எமக்குக் கோபத்தையே மூட்டிற்று. எல்லாம் பழக்கம், அம்மா ஒன்றையும் சிந்திப்பதில்லை என்று எண்ணினோம். ஒருநாள் அந்தியில் படிப்பறையிலிருந்து தண்ணீர் குடிக்க வந்தபோது சுவாமி அறையில் அம்மாவின் குரல் கேட்டது. தேவாரமன்று. “ஏன் இப்பிடிச் செய்தனீ? வாசலிலை நிண்டு கேட்டனே. உனக்குக் காது கேக்கேல்லையோ?” என்று முருகன் படத்தைப் பார்த்து ஏசிக்கொண்டிருந்தார். ஏசி முடித்துத் திரியைத் தூண்டிவிட்டார். இது தினமும் நடக்கிறது என்பதைப் பின்னரே அறிந்தோம். இறைவனோடு வழக்காடியே பாடிய சுந்தரரை வன்றொண்டர் என்கிறோம், குருபூசை எடுக்கிறோம். எம் வீட்டுச் சுவாமி அறையிலும் அப்படி ஒருவர் இருந்தது எமக்குத் தெரியாமற் போயிற்று. நாம் கேள்வியோடு வெளியே போயிருந்தோம். அம்மா அதே கேள்வியோடு உள்ளேயே இருந்தார்.

திருவிழா வந்தது. பிள்ளை பிழைத்தால் பாற்குடம் என்றுதானே நேர்த்தி; பிழைக்கவில்லை; இனி அது கடனா, கடனில்லையா? அம்மா இதை மாஸ்டரிடமே கேட்டார். அவர் நெடுநேரம் யோசித்து, “கடன் இல்லைப் பிள்ளை” என்றார். அம்மா சொன்னார்: “அப்ப நல்லதாப் போச்சு மாஸ்டர். கடன் இல்லாமல் ஏன் வந்தனீ எண்டு அவர் என்னட்டைக் கேக்கட்டும். அவர் கேட்டால் நானும் கேக்கலாந்தானே.”

அவ்வாறே பாற்குடம் எடுத்தார். வீட்டிலிருந்து கோயில்வரை வெறுங்கால். நல்ல வெயில், தார் றோட்டு. நாம் குடை பிடித்துக்கொண்டு பக்கத்திலே நடந்தோம். வேறொன்றும் செய்யத் தெரியவில்லை. வசந்த மண்டபத்தின் முன்னே அம்மா நெடுநேரம் நின்றார். உதடு அசைந்தது. ஐயர் தந்த திருநீற்றை வாங்கி எம் நெற்றியில் இடவில்லை. எம் உள்ளங்கையிலே வைத்துக் கையை மூடிவிட்டார். வீடு வரும்வரை மூடிய கையோடே நடந்தோம். வந்து சின்னவனுடைய படத்தின் முன்னே ஒரு வெற்றிலையில் அதைக் கொட்டி வைத்தோம். அதிலிருந்து நாம் எடுத்து அணிந்தது பின்னொரு நாள். எந்த நாள் என்று நினைவில்லை.

மாஸ்டர் ஞாயிறு மாலை நான்கு மணிக்கு நம் வாசிகசாலையிலே பரபக்கம் படிப்பிக்கிறார். இப்போது நால்வர் வருகிறோம். உலோகாயதன் மறுதலையைத் தாண்டிப் பௌத்தர் பகுதிக்கு வந்திருக்கிறோம். புதிதாக யாரும் வந்தால் மறுபடி உலோகாயதனிலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார். புத்தகம் ஒன்றுதான் உண்டு. ஆகையால் சற்று நேரத்தோடு வாருங்கள்.